கிராண்ட் பியானோ ஆக்‌ஷன் மறுசீரமைப்பு: புதிய சுத்தியல்களை எங்கே, எப்படிப் பொருத்துவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கிராண்ட் பியானோ ஒன்றின் ஆக்‌ஷனை (விசைக்கட்டைகளை அழுத்தும்போது சுத்தியல்களை எழுப்பும் பொறியமைப்பை) மறுசீரமைக்கும்போது, தேய்ந்துபோன 88 சுத்தியல்களையும் கழற்றிவிட்டுப் புதியவற்றை ஒட்டுவது வழக்கம். புதிய சுத்தியல்கள் எவ்வளவு உயர்ந்த ஃபெல்ட்டால் (அழுத்திய கம்பளியால்) செய்யப்பட்டிருந்தாலும், அவை கம்பியைத் தொடும் இடம் பிசகினால் அந்தப் பியானோ தனக்குரிய குரலைத் திரும்பப் பெறுவதில்லை. ஆக்‌ஷனின் அடிப்படைப் பாகங்களையும் ரெகுலேஷன் (பாகங்களின் அளவுகளைச் சரிப்படுத்தும்) வேலையையும் ஓரளவு அறிந்தவர்கள் இந்தக் கட்டத்தில் எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டு தேவைப்படும் இடங்களில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கிலோ ஹாம்பர்க்கிலோ செய்யப்பட்ட ஸ்டைன்வே கிராண்ட் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டிருக்கிறேன். உலகெங்கும் பட்டறைகளில் மிகுதியாக மறுசீரமைக்கப்படும் பியானோக்களில் அவையும் அடங்கும்.

சுத்தியலின் இடம் சரியாக இருக்கிறது என்று எப்போது சொல்லலாம்?

சுத்தியல், தன்னைத் தாங்கும் மெல்லிய மரக்காம்பான ஷாங்க்கின் மேல் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பது முதல் அளவு. கம்பியின் எந்தப் புள்ளியில் அடி விழும் என்பதை அதுவே முடிவு செய்கிறது. ஷாங்க் நுழையும் துளையின் மையத்திலிருந்து சுத்தியலின் முகடு வரையுள்ள உயரம் அடுத்தது. பட்டறைகளில் இதைப் போர் (bore, துளை) அளவு என்கிறார்கள். பக்கத்திலிருந்து பார்க்கும்போது சுத்தியல் ஷாங்க்குக்கு எவ்வளவு செங்குத்தாக நிற்கிறது என்பதும், பேஸ் (தாழ்ந்த சுரங்களின்) பகுதியில் குறுக்காக ஓடும் கம்பிகளுக்கு ஏற்ப அது எவ்வளவு திரும்பி நிற்கிறது என்பதும் இரண்டு கோணங்கள். இவற்றோடு, ஒரு சுரத்துக்குரிய கம்பிகளின் நடுவில் அது இடவலமாகப் பொருந்தியிருக்க வேண்டும். அதன் கீழ்முனையான வால் பகுதி, அடித்துத் திரும்பும் சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் பேக்செக்கில் சரியாகப் பிடிபடவும் வேண்டும். இவை ஒன்றையொன்று சார்ந்தவை. போர் அளவு தவறினால் கோணமும் தவறும். கோணம் தவறினால் அடிக்கும் புள்ளியும் நகர்ந்துவிடும். ஆகையால் ஒன்றை மட்டும் தனியே சரிசெய்துவிட்டு அடுத்ததற்குப் போவது இயலாத காரியம்.

பழைய சுத்தியல்களை அளந்து அப்படியே நகலெடுத்தால் போதாதா?

பெரும்பாலான தவறுகள் இந்த எண்ணத்திலிருந்தே பிறக்கின்றன என்பது என் கருத்து. நூறு வயதைக் கடந்த பியானோவில் இப்போது இருக்கும் சுத்தியல்கள் அதன் முதல் சுத்தியல்கள்தானா என்பதே ஐயம். இடையில் யாரோ ஒருவர் கையில் கிடைத்த தொகுப்பை மாட்டியிருக்கலாம். அவர் செய்த பிழையை நாமும் அளந்து எடுத்து, மீண்டும் அதே இடத்தில் வைத்துவிடுவோம். முதல் சுத்தியல்களே என்றாலும், ஆண்டுக்கணக்கில் அடி வாங்கியும் பல முறை அரம்போடப்பட்டும் ஃபெல்ட் குறைந்திருக்கும். முகட்டிலிருந்து எடுக்கும் எந்த அளவும் அவை புதிதாக இருந்தபோது இருந்த அளவைக் காட்டாது.

அதற்காகப் பழையவற்றைத் தூக்கி எறிந்துவிடவும் கூடாது. ஒவ்வொரு பகுதியின் முதல் சுத்தியலையும் கடைசிச் சுத்தியலையும் ஷாங்க்கோடு சேர்த்துக் கழற்றி, எண் எழுதி, வேலை முடியும் வரை பாதுகாத்து வையுங்கள். துளையிலிருந்து மர நுனி வரையுள்ள தூரம், பேஸ் சுத்தியல்களின் துளை சாய்ந்திருக்கும் கோணம், ஷாங்க் சுழலும் அச்சான சென்டர் பின்னிலிருந்து சுத்தியல் வரையுள்ள தூரம் ஆகியவை தேய்மானத்தால் மாறாதவை. இவற்றைக் குறித்துக்கொண்டு, பியானோவிலேயே எடுத்த அளவுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் மகிழ்ச்சி. ஒத்துப்போகாவிட்டால் பியானோ சொல்வதையே ஏற்க வேண்டும்.

அடிக்கும் புள்ளி கம்பியின் எந்தப் பங்கில் இருக்க வேண்டும்?

பேஸ் பகுதியிலும் அதற்கு அடுத்து மேலுள்ள டெனர் பகுதியிலும், கம்பியின் முன்முனையைப் பிடிக்கும் அக்ராஃபிலிருந்து, அதிர்வை ஒலிப்பலகைக்குக் கடத்தும் பிரிட்ஜ் வரை ஒலிக்கும் நீளத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கில் சுத்தியல் அடிக்குமாறு தயாரிப்பாளர்கள் வடிவமைக்கிறார்கள். மேலே போகப் போக இந்தப் பங்கு குறைந்துகொண்டே வரும். கடைசி ஆக்டேவில் பன்னிரண்டில் ஒன்று, சில பியானோக்களில் அதற்கும் குறைவு. கம்பியின் ஏழில் ஒன்று முதல் ஒன்பதில் ஒன்று வரையுள்ள இடத்தில் அடித்தால், இசைக்கு ஒவ்வாத ஏழாவது, ஒன்பதாவது மேற்சுரங்கள் (அடிப்படைச் சுரத்தோடு கூடவே ஒலிக்கும் உயர்ந்த சுரங்கள்) அடங்கிவிடும் என்று ஜெர்மானிய இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-இல் விளக்கம் தந்தார். உண்மையான பியானோவில் சுத்தியலின் முகம் அகலமானது. அது கம்பியோடு சிறிது நேரம் ஒட்டியிருந்த பிறகே விலகுகிறது. ஆகவே எந்த மேற்சுரமும் முற்றாக மறைந்துவிடுவதில்லை. கோட்பாடு எப்படியிருப்பினும், அடிக்கும் புள்ளியை மாற்றினால் மேற்சுரங்களின் விகிதமும் அதன் வழியே குரலின் நிறமும் மாறுகின்றன என்பதில் ஐயமில்லை.

இங்கே ஒரு கணக்கைப் பார்த்துவிட வேண்டும். கடைசிச் சுரமான 88-ஆவது கட்டையின் கம்பி ஒலிக்கும் நீளம் ஏறக்குறைய 50 மி.மீ. மட்டுமே. அதில் 1 மி.மீ. பிசகு என்பது கம்பி நீளத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு. ஒரு மீட்டருக்கும் மேல் நீளமுள்ள பேஸ் கம்பியில் அதே 1 மி.மீ. ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. எனவே கவனத்தையும் நேரத்தையும் எங்கே செலவிட வேண்டும் என்பது தெளிவு. பேஸில் ஒரு மில்லிமீட்டருக்காக அரை நாளைச் செலவழித்துவிட்டு, மேல் ஆக்டேவைக் கண்பார்வைக் கோட்டை நம்பி ஒட்டிவிடுவது தலைகீழான உழைப்பு.

மேல் ஆக்டேவில் சரியான புள்ளியை எப்படிக் கண்டறிவது?

காதால்தான். அளவுகோல் நம்மை அருகில் கொண்டுபோய் விடும். முடிவைக் காதே சொல்ல வேண்டும்.

88-ஆவது ஷாங்க்கில் புதிய சுத்தியல் ஒன்றைப் பசையில்லாமல் இறுக்கமாகச் செருகுங்கள். தற்காலிகமாக, பழைய மாதிரியில் இருந்த தூரத்திலேயே அது நிற்கட்டும். ஆக்‌ஷனைப் பியானோவுக்குள் தள்ளுங்கள். ஆனால் இரு ஓரங்களிலும் அதை இறுக்கிப் பிடிக்கும் கீ பிளாக்குகளைப் பொருத்த வேண்டாம். இப்போது ஒரு கையால் கடைசிக் கட்டையைச் சீரான பலத்தோடு தட்டிக்கொண்டே, மறு கையால் ஆக்‌ஷனின் வலது ஓரத்தை அரை மில்லிமீட்டர் அரை மில்லிமீட்டராக உங்களை நோக்கி இழுங்கள். பிறகு உள்ளே தள்ளுங்கள். மேல் பகுதிக் கம்பிகளின் முன்முனையை அழுத்திப் பிடிக்கும் இரும்புச் சட்டமான கேப்போ பாரை விட்டு அடி அதிகம் விலகும்போது, மரத்துண்டால் மேசையைத் தட்டியது போன்ற மர ஒலி மேலோங்கிச் சுரம் அதனுள் அமுங்கிப்போகும். அளவுக்கு மீறி நெருங்கினால் ஒலி மெலிந்து, உடல் இல்லாமல் கீச்சிடும். இரண்டுக்கும் நடுவே, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் அகலமே உள்ள இடத்தில், சுரம் திடீரெனத் தெளிந்து மணிபோல எழும். அந்த இடத்தில் ஆக்‌ஷன் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதைச் சட்டத்தின் ஓரத்தில் மெல்லிய பென்சில் கோடாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனையைச் செய்யுமுன் கம்பிகள் சுருதி கூட்டப்பட்டிருக்க வேண்டும். மூன்று கம்பிகளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். சுத்தியலின் முகடு மூன்றையும் ஒரே கணத்தில் தொட வேண்டும். இவை சரியில்லாத நிலையில் கேட்கும் ஒலியை நம்பிப் புள்ளியை முடிவு செய்தால், கம்பி மட்டத்தின் குறையைச் சுத்தியலின் தலையில் சுமத்தியவர்களாவோம். கேப்போ பாரின் அடிப்பகுதி பள்ளம் விழுந்து தேய்ந்திருந்தால், அதைச் சீர்செய்த பிறகே இந்தச் சோதனைக்கு வர வேண்டும்.

நல்ல இடம் ஆக்‌ஷனை நகர்த்திய நிலையில் கிடைத்தது என்றால், ஆக்‌ஷனையே அங்கே நிறுத்திவிடலாமே?

கூடாது. கட்டைகளின் பின்முனை, கம்பியின் ஒலியை நிறுத்தும் டேம்பர்களைத் தூக்கும் இடம், கட்டைகளுக்கும் மூடிக்கும் உள்ள இடைவெளி, முன்பலகைக்கும் கட்டைகளுக்கும் உள்ள இடைவெளி ஆகிய மூன்றும் ஆக்‌ஷன் தன் இயல்பான இடத்தில் நிற்பதை நம்பி அமைந்தவை. ஆக்‌ஷனை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, நகர்ந்த தூரத்துக்குச் சமமாகச் சுத்தியலை ஷாங்க்கின் மேல் நகர்த்துவதே முறை. கிராண்ட் பியானோவில் ஷாங்க்கின் சுழலும் முனை வாசிப்பவர் பக்கமும், சுத்தியல் அவரைவிட்டு விலகிய பக்கமும் இருக்கின்றன. ஆகவே ஆக்‌ஷனை 1.5 மி.மீ. வெளியே இழுத்தபோது ஒலி தெளிந்தது என்றால், சுத்தியலைச் சென்டர் பின்னை நோக்கி 1.5 மி.மீ. குறைத்து ஒட்ட வேண்டும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஸ்டைன்வேயில் சென்டர் பின்னிலிருந்து சுத்தியலின் மையம் வரையுள்ள தூரம் வழக்கமாக 130 மி.மீ. அளவில் இருக்கும். இதிலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் விலகுவது இயல்பு. ஐந்து, ஆறு மில்லிமீட்டர் விலக வேண்டியிருக்கிறது என்று தோன்றினால், வேறு எங்கோ பிழை இருக்கிறது. ஆக்‌ஷனின் பின்பக்கச் சட்டத்தை நிறுத்தும் மரத்துண்டுகள் தேய்ந்திருக்கின்றனவா, ஷாங்க்குகள் பொருத்தப்பட்ட ஹேமர் ரெயில் யாராலாவது மாற்றி ஏற்றப்பட்டிருக்கிறதா, வாங்கிய ஷாங்க்குகள் இந்த மாடலுக்கு உரியவைதானா என்று முதலில் தேட வேண்டும்.

சுத்தியல்களின் வரிசை முழுவதும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டுமா?

பேஸ், டெனர், நடு டிரெபிள் (உயர்ந்த சுரங்களின்) பகுதிகளில் பெரும்பாலான பியானோக்களில் நேர்கோடுதான். மேல் டிரெபிளில் அப்படி எதிர்பார்க்கக் கூடாது. சில வடிவமைப்புகளில் கடைசிப் பதினைந்து இருபது சுத்தியல்கள் நேர்கோட்டிலிருந்து விலகி, வாசிப்பவரை நோக்கி மெல்ல வளைந்து வருகின்றன. இதைப் பழைய தொழிலாளரின் கைப்பிசகு என்று எண்ணி நேராக்கிவிடுபவர்கள் இருக்கிறார்கள். மேல் ஆக்டேவின் குரல் அத்துடன் போய்விடும்.

88-இல் செய்த காதுச் சோதனையை 84, 80, 76, 70 ஆகிய இடங்களிலும் செய்து பாருங்கள். கீழே வர வர நல்ல இடத்தின் அகலம் கூடிக்கொண்டே வரும். 70-ஐ நெருங்கும்போது இரண்டு மூன்று மில்லிமீட்டர் நகர்த்தினாலும் பெரிய வேறுபாடு தெரியாது. கிடைத்த புள்ளிகளை இணைத்தால் வருவது ஒரு மென்மையான வளைவாக இருக்க வேண்டும். ஒரு புள்ளி மட்டும் துருத்திக்கொண்டு நின்றால் அதை மீண்டும் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அந்தச் சுரத்தின் கம்பியிலேயே குறை இருக்கும்.

போர் அளவை எப்படிக் கணக்கிடுவது?

ஆக்‌ஷன் உட்காரும் அடிப்பலகையிலிருந்து, அடிக்கும் புள்ளிக்கு நேராகக் கம்பியின் அடிப்பக்கம் வரையுள்ள உயரத்தை அளக்க வேண்டும். அதே அடிப்பலகையிலிருந்து, ஷாங்க்கைத் தாங்கும் கீலான சுத்தியல் ஃபிளாஞ்ச்சின் சென்டர் பின் வரையுள்ள உயரத்தையும் அளக்க வேண்டும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் கிடைப்பதே போர் அளவு. கம்பி 195 மி.மீ. உயரத்திலும் பின் 146 மி.மீ. உயரத்திலும் இருந்தால் போர் அளவு 49 மி.மீ. இப்படிச் செய்த சுத்தியல் கம்பியைத் தொடும்போது அதன் ஷாங்க் அடிப்பலகைக்கு இணையாக, கிடைமட்டமாக நிற்கும். ஆக்‌ஷனின் மற்ற எல்லா ரெகுலேஷன் அளவுகளும் இந்த நிலையை நம்பியே வகுக்கப்பட்டிருக்கின்றன.

கம்பி உயரம் பியானோ முழுவதும் ஒன்றாக இருக்காது. ஒவ்வொரு பகுதியின் இரு முனைகளிலும் அளந்து எழுதுங்கள். பகுதி நீளமானதாக இருந்தால் நடுவிலும் அளக்க வேண்டும். பேஸ் கம்பிகள் டெனர் கம்பிகளுக்கு மேலே ஓடுவதால் அங்கே உயரம் கூடுதல். போர் அளவும் அதற்கேற்பச் சில மில்லிமீட்டர் கூடும். சென்டர் பின் உயரத்தை ஆக்‌ஷன் வேலைமேசையில் இருக்கும்போது அளப்பவர்கள், மேசை உண்மையிலேயே தட்டையாக இருக்கிறதா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். கட்டைச் சட்டம் எளிதில் வளைந்து கொடுக்கும். பியானோவின் அடிப்பலகையில் உட்காரும் விதமும் மேசையில் உட்காரும் விதமும் வேறுபடலாம்.

போர் அளவில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பிசகினால் என்ன ஆகும்?

அளவு குறைந்துபோனால், முகடு கம்பியை எட்டுவதற்கு ஷாங்க் கிடைமட்டத்தைக் கடந்து மேலே போக வேண்டியிருக்கும். சுத்தியலும் வாசிப்பவர் பக்கமாகச் சாய்ந்த நிலையில் அடிக்கும். அளவு கூடினால், ஷாங்க் கிடைமட்டத்தை எட்டும் முன்பே அடி விழுந்துவிடும். 45 மி.மீ. அடி தூரம் (ஓய்வில் உள்ள சுத்தியலுக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளி) வேண்டுமென்றால் சுத்தியல் ஓய்வில் இருக்கும்போதும் ஷாங்க் தாழ்ந்தே இருக்க வேண்டும். அதற்காக ஷாங்க்கைத் தாங்கும் நெம்புகோலான ரெபிட்டிஷனையும் தாழ்த்த வேண்டும். சுத்தியலை மேலே தள்ளும் ஜாக்குக்கும், அது தள்ளும் ஷாங்க்கின் உருளைப் புடைப்பான நக்கிளுக்கும் இடையிலுள்ள வடிவியல் அங்கே குலைகிறது. வாசிப்பவர் தொடுகை கனமாக இருக்கிறது, திரும்பத் திரும்ப வேகமாக வாசிக்க முடியவில்லை என்று முறையிடும்போது, காரணம் இங்கே இருக்கக்கூடும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

புதிய சுத்தியல்கள் அரம்போடும்போதும் வாசிப்பிலும் உயரம் இழக்கும் என்பதால், கணக்கிட்ட அளவோடு 1 மி.மீ. கூட்டித் துளையிடச் சொல்பவர்கள் உண்டு. அது நியாயமான பழக்கம். அதற்கு மேல் கூட்டுவதை நான் ஏற்பதில்லை.

சுத்தியல் ஷாங்க்குக்குச் செங்குத்தாக, 90 டிகிரியில் நிற்க வேண்டுமா?

அடி விழும் கணத்தில் சுத்தியல் கம்பிக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும் என்பதே அடிப்படை. கம்பிகள் அடிப்பலகைக்கு இணையாக ஓடி, போர் அளவும் சரியாக இருந்தால், 90 டிகிரியே போதும். கம்பிகள் சற்றே சரிந்து ஓடும் பியானோக்களில் அந்தச் சரிவுக்கு ஏற்ப ஒன்றிரண்டு டிகிரி மாற்றித் துளையிடுவார்கள். 91, 92 டிகிரி என்பவை வழக்கில் உள்ள அளவுகளே. சிறிய மட்டம்காட்டி ஒன்றைக் கம்பியின் மேலும், பிறகு அடிப்பலகையின் மேலும் வைத்துப் பார்த்தால் சரிவு தெரிந்துவிடும்.

பேஸ் சுத்தியல்கள் ஏன் திரும்பி நிற்கின்றன?

பேஸ் கம்பிகளை மற்றக் கம்பிகளுக்கு மேலாகக் குறுக்கே ஓட விடும் முறைக்கு, கிராண்ட் பியானோவில் 1859-இல் ஸ்டைன்வே காப்புரிமை பெற்றது. இன்று ஏறத்தாழ எல்லாக் கிராண்டுகளும் அந்த அமைப்பையே பின்பற்றுகின்றன. கட்டைகளும் ஷாங்க்குகளும் நேராக ஓட, கம்பிகள் மட்டும் சாய்ந்து ஓடுவதால், சுத்தியலை ஷாங்க்கின் மேல் அதே பக்கமாகத் திருப்பி நிறுத்த வேண்டியிருக்கிறது. இதற்காகத் துளையே சாய்வாக இடப்படுகிறது. டெனரின் கீழ் முனையில் கம்பிகள் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தால் அங்கும் சிறிய கோணம் தேவைப்படும். மேலே போகப் போக அது குறைந்து மறையும்.

கம்பியின் முழுக் கோணத்தையும் சுத்தியலுக்குக் கொடுக்க எப்போதும் இயலாது. திரும்பி நிற்கும் சுத்தியல் பக்கவாட்டில் அதிக இடம் எடுத்துக்கொள்ளும். பக்கத்துச் சுத்தியல்கள் ஓய்வில் இருக்க, ஒன்று மட்டும் எழுந்து இறங்கும்போது, அதன் வால் அண்டை ஷாங்க்கில் உரசக் கூடாது. ஒட்டுவதற்கு முன்பு மூன்று சுத்தியல்களைப் பசையின்றிப் பக்கம் பக்கமாகச் செருகி, நடுவில் உள்ளதை மெல்ல உயர்த்திப் பாருங்கள். உரசினால் கோணத்தை ஒன்றிரண்டு டிகிரி குறைக்கலாம், அல்லது வாலின் பக்கங்களைச் சற்று இழைத்து மெலிதாக்கலாம். இடது பெடலை மிதித்தால் ஆக்‌ஷன் முழுவதும் வலப்பக்கம் சில மில்லிமீட்டர் நகரும். அந்த நிலையில் சுத்தியல் அடுத்த சுரத்தின் கம்பியைத் தொடவில்லை என்பதையும் இப்போதே பார்த்துவிடுவது நல்லது.

ஒட்டுவதற்கு முன் ஷாங்க்குகளில் என்ன வேலை முடிந்திருக்க வேண்டும்?

எல்லாமே முடிந்திருக்க வேண்டும். ஃபிளாஞ்ச்சுகள் இறுக்கப்பட்டு, சென்டர் பின்கள் சரியான உராய்வில் இருந்து, ஷாங்க்குகள் கம்பிகளுக்கு நேராக இடைவெளி பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் நேராக எழுகிறதா என்று பார்த்து முடித்திருக்க வேண்டும். ஷாங்க்கைக் கிடைநிலையிலிருந்து மெல்ல உயர்த்தும்போது அதன் நுனி இடப்பக்கம் விலகினால், ஃபிளாஞ்ச்சின் அடியில் இடப்பக்கம் மெல்லிய பசைத்தாள் துண்டு ஒன்றை ஒட்ட வேண்டும். வலப்பக்கம் விலகினால் வலப்பக்கம். விலகும் பக்கத்தை உயர்த்துவது என்பதே விதி. சுத்தியல் ஒட்டிய பிறகு இதைச் செய்தால் நேராக நின்ற சுத்தியல் சாய்ந்துவிடும். எனவே வரிசையை மாற்றக் கூடாது.

ஷாங்க்குகளும் புதியவை என்றால், நக்கிள் சென்டர் பின்னிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பழையவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 16, 17 மி.மீ. என வெவ்வேறு அளவுகளில் விற்பனைக்கு வருகின்றன. ஒரு மில்லிமீட்டர் வேறுபாடே தொடுகையின் கனத்தைத் தெளிவாக மாற்றிவிடும்.

எந்தப் பசை நல்லது?

சூடான விலங்குப் பசைதான் என் தேர்வு. அது சில வினாடிகளில் பிடிக்கத் தொடங்கும். பல்லாண்டுகளுக்குப் பிறகு அடுத்தவர் வெப்பமும் ஈரமும் கொடுத்துச் சுத்தியலைச் சேதமின்றிக் கழற்றவும் முடியும். பழக்கமில்லாதவர்களுக்கு அந்தச் சில வினாடிகள் போதாமல் போகலாம். அவர்கள் குளிர்ந்த நிலையிலேயே திரவமாக இருக்கும் விலங்குப் பசையைப் பயன்படுத்தலாம். வெள்ளை, மஞ்சள் நிற மரப்பசைகளும் உறுதியாகப் பிடிக்கும். எபாக்சி வேண்டாம், பின்னால் வருபவருக்கு அது பெரும் தொல்லை.

பசையைவிடத் துளையின் பொருத்தம் முக்கியம். சுத்தியல் ஷாங்க்கின் மேல் விரல் அழுத்தத்தில் வழுக்கிச் செல்ல வேண்டும், ஆனால் தானாக ஆடக் கூடாது. மிக இறுக்கமாக இருந்தால் உள்ளே தள்ளும்போது பசை முழுவதும் வழித்தெடுக்கப்பட்டு வெளியே வந்துவிடும். தளர்வாக இருந்தால் பசை காயும்போது சுத்தியல் தன் போக்கில் திரும்பிக்கொள்ளும்.

ஒட்டும் வரிசை என்ன?

ஒவ்வொரு பகுதியின் இரு முனைகளிலும் வழிகாட்டிச் சுத்தியல்களை முதலில் ஒட்டுங்கள். இவை பியானோவில் எடுத்த அளவுப்படி, காதுச் சோதனை சொன்ன இடத்தில் நிற்பவை. ஒட்டிய பசை நன்கு காய்ந்ததும் ஆக்‌ஷனைப் பியானோவுக்குள் தள்ளி, எல்லா வழிகாட்டிகளையும் ஒரு முறை சோதித்துவிடுங்கள். மீதி எழுபத்துச் சொச்சம் சுத்தியல்களும் இவற்றையே பின்பற்றப்போவதால், இந்த இடத்தில் செலவழிக்கும் ஒரு மணி நேரம் வீணாகாது.

பிறகு வழிகாட்டிகளுக்கு இடையே இறுக்கமான நூலையோ நேரான சட்டத்தையோ அமைத்து, ஒரு முனையிலிருந்து தொடங்கி வரிசையாக ஒட்டிக்கொண்டு போகலாம். ஷாங்க்கின் நுனியைச் சுற்றிலும், துளையின் வாயிலும் பசை தடவி, சுத்தியலைச் சற்றுச் சுழற்றியபடி உள்ளே தள்ளினால் இருபுறமும் மெல்லிய வளையம்போலப் பசை திரளும். அந்த வளையம் இணைப்புக்கு வலு சேர்ப்பதால் அதைத் துடைத்துவிட வேண்டாம். உடனே மூன்று பார்வைகள் தேவை: மேலிருந்து பார்த்தால் முகடு நூலைத் தொட வேண்டும், பக்கத்திலிருந்து பார்த்தால் முந்தைய சுத்தியலோடு கோணம் ஒத்திருக்க வேண்டும், முன்னாலிருந்து பார்த்தால் நிமிர்ந்து நிற்க வேண்டும். ஐந்தாறு ஒட்டியதும் குனிந்து வரிசையின் முனையிலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால், அரை மில்லிமீட்டர் பிசகுகூடப் பளிச்செனத் தெரியும். வளைவு உள்ள மேல் ஆக்டேவில் நேர்ச்சட்டத்தை எடுத்துவிட்டு, அந்த வளைவுக்கேற்ப வெட்டிய அட்டை அச்சு ஒன்றைப் பயன்படுத்துங்கள்.

வால் பகுதியை எப்போது வடிவமைப்பது?

ஒட்டுவதற்கு முன்பே. ஷாங்க்கின் மையத்திலிருந்து வால் நுனி வரை ஏறத்தாழ 25 மி.மீ. இருக்குமாறு வெட்டி, பேக்செக்கை எதிர்கொள்ளும் பக்கத்தைச் சுமார் 64 மி.மீ. ஆரமுள்ள வளைவாக இழைப்பது வழக்கம். வால் நீண்டுவிட்டால், சுத்தியல் எழும்போதே பேக்செக்கில் உரசும். குட்டையாகிவிட்டால் திரும்பி வரும்போது பிடிபடாது. அந்தப் பரப்பை அரத்தால் மெல்லியதாகச் சொரசொரப்பாக்குங்கள். ஆழமாகக் கீறினால் பேக்செக்கின் தோல் விரைவில் தேய்ந்துவிடும். ஷாங்க்கின் துருத்திய நுனியைப் பசை காய்ந்த பிறகு மரத்தோடு சமமாக வெட்டிவிட வேண்டும்.

சுத்தியலை நகர்த்துவதால் தொடுகையின் கனம் மாறுமா?

மாறும், ஆனால் சிறிதளவே. 130 மி.மீ. நீளத்தில் 2 மி.மீ. நகர்த்துவது நெம்புகோல் நீளத்தை நூற்றுக்கு ஒன்றரை பங்கு மட்டுமே மாற்றுகிறது. சுத்தியலின் எடை இதைவிடப் பெரிய காரணி: சுத்தியலில் கூடும் ஒரு கிராம், கட்டையின் முன்முனையில் ஐந்து, ஆறு கிராமாக உணரப்படுகிறது. அமெரிக்கத் தொழில்நுட்பர் டேவிட் ஸ்டான்வுட் வகுத்த முறையில், ஷாங்க்கோடு சேர்த்து ஒவ்வொரு சுத்தியலையும் எடைபோட்டு, பேஸிலிருந்து டிரெபிள் வரை சீராக இறங்கும் எடைக்கோட்டை அமைப்பார்கள். எடை கூடிய சுத்தியல்களின் பக்கங்களை இழைத்துக் குறைக்கும் வேலையை, ஒட்டுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

ஒட்டிய பிறகு ஒரு சுத்தியல் கோணலாகத் தெரிந்தால்?

இடவலமாகச் சற்றே சாய்ந்திருந்தால், ஷாங்க்கை வெப்பக்காற்றுக் கருவியால் சூடாக்கி, மெல்ல முறுக்கிப் பிடித்து, ஆறும் வரை காத்திருந்தால் நேராகிவிடும். மரத்தைக் கருக விடக் கூடாது. அடிக்கும் புள்ளியோ முன்பின் கோணமோ பிசகியிருந்தால் வெப்பம் உதவாது. அந்தச் சுத்தியலைக் கழற்றி மறுபடி ஒட்டுவதே நேர்மையான வழி. முகட்டை ஒரு பக்கமாக அரம்போட்டுக் குறையை மறைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் ஃபெல்ட்டின் இழுவிசை ஒரு பக்கம் அறுபட்டுக் குரல் இன்னும் கெடும்.

சுத்தியல்களை வாங்கும்போது தயாரிப்பாளருக்கு என்ன விவரங்கள் தர வேண்டும்?

ஜெர்மனியின் ரென்னர், ஆபெல், நியூயார்க்கின் ரான்சன் போன்ற தயாரிப்பாளர்கள் துளையிடாத தொகுப்பாகவும், தரும் அளவுப்படி துளையிட்டும் அனுப்புகிறார்கள். மாடல் பெயரை மட்டும் எழுதி அனுப்பினால் அந்த மாடலுக்கான பொது அளவில் துளையிட்டு வரும். உங்கள் முன் இருக்கும் பியானோவின் கம்பி உயரம் அந்தப் பொது அளவோடு பொருந்தும் என்பதற்கு உறுதியில்லை. ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை சுத்தியல்கள், பகுதியின் இரு முனைகளிலும் கணக்கிட்ட போர் அளவு, பேஸ் முனைகளிலும் டெனர் கீழ்முனையிலும் பக்கக் கோணம், முன்பின் கோணம், ஷாங்க்கின் விட்டம், வால் நீளம் ஆகியவற்றை எழுதி, பாதுகாத்து வைத்த பழைய மாதிரிகளையும் உடன் அனுப்புங்கள். மாதிரியும் எழுதிய எண்ணும் முரண்பட்டால் எதைப் பின்பற்ற வேண்டும் என்பதையும் தெளிவாகக் குறிப்பிடுங்கள். தொகுப்பு வந்து சேர்ந்ததும், ஒட்டத் தொடங்கும் முன்பு, ஒவ்வொரு பகுதியிலிருந்தும் இரண்டு சுத்தியல்களை எடுத்துப் போர் அளவை மீண்டும் அளந்து பார்த்துவிடுங்கள். பசை தொட்ட சுத்தியலைத் திருப்பி அனுப்ப முடியாது.